முட்டி வலிக்கு எதற்கு மனச்சோர்வு மாத்திரை?

"முட்டி வலின்னு போனா, மனசுக்கு மாத்திரை எழுதித் தர்றாங்க. எனக்கென்ன பைத்தியமா?" எழுபதைத் தாண்டிய பாட்டிகள் இப்படிக் கோபப்படுவதுண்டு. துலாக்செட்டின் என்ற பெயரைக் கைப்பேசியில் தேடிய பேரனும், "ஆமா பாட்டி, டிப்ரெஷனுக்குத்தான்" என்பான். பேரன் சொன்னது சரி. மருத்துவர் எழுதியதும் சரி.

வலி, முட்டியிலிருந்து மூளைக்கு மட்டும் போகும் ஒருவழிப் பாதை அல்ல. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு நரம்புகள் இறங்கி வருகின்றன. கீழிருந்து வரும் வலிச் செய்தியில் எவ்வளவை மேலே விடலாம் என்று அங்கேயே கூட்டிக் குறைப்பவை அவை. அதற்கு அவை பயன்படுத்தும் ரசாயனங்களில் முக்கியமானவை செரடோனினும் நார்அட்ரினலினும். மனநிலையோடு தொடர்புள்ளவையும் இவையே. மனச்சோர்வில் இந்தக் கடிவாளம் தளர்வதாகக் கருதப்படுகிறது; அதனால் அதே தேய்ந்த முட்டி கூடுதலாக வலிக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அது தூக்கத்தைக் கெடுக்கும். கோயிலுக்குப் போவதும், திண்ணைப் பேச்சும் நின்றுபோகும். மனம் சுருங்க வேறென்ன வேண்டும்?

துலாக்செட்டின் அந்த இரண்டு ரசாயனங்களும் நரம்பு முனைகளில் கூடுதல் நேரம் தங்கச் செய்கிறது. அமெரிக்காவில் 2004-இல் மனச்சோர்வுக்கும் நீரிழிவு நரம்பு வலிக்கும், 2010-இல் நாள்பட்ட மூட்டு, முதுகு வலிக்கும் அதற்கு அனுமதி கிடைத்தது. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் இது வலியைக் குறைக்கும். ஆகவே பாட்டிக்குப் பைத்தியமில்லை.

சிக்கல், மனச்சோர்வு உண்மையிலேயே இருக்கும்போதுதான். பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். தூக்கமின்மை, பசியின்மை, அசதி எல்லாம் வலியாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். அதனால்தான் முதியோருக்கென 1980-களில் உருவான மனச்சோர்வுக் கேள்விப்பட்டியல் உடல் உபாதைகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, சலிப்பு, நிறைவு, நம்பிக்கை பற்றிக் கேட்கிறது.

அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த, மனச்சோர்வுள்ள 1,801 பேரிடம் நடந்த இம்பேக்ட் ஆய்வு, 2002-இல் வெளியானது. அவர்களில் 1,001 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மனச்சோர்வுக்கெனத் தனிக் கவனிப்பு தரப்பட்டது; மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. தனிக் கவனிப்பில் பார்த்தது மனச்சோர்வை மட்டும்தான். ஆனால் ஓராண்டில், வழக்கமான சிகிச்சை பெற்ற மூட்டுவாதக்காரர்களைவிட, தனிக் கவனிப்பு பெற்ற மூட்டுவாதக்காரர்களுக்கு மூட்டு வலியும் குறைந்திருந்தது! அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: வலி அன்றாட வேலைகளை அதிகம் முடக்கியவர்களுக்கு மனச்சோர்வு சிகிச்சையின் பலன் குறைவு. எனவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

வயதான உடலில் மருந்துகள் முட்டிக்கொள்வதும் சகஜம். பழைய மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் தரலாம். துலாக்செட்டின் போன்றவை ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிராமடால் என்ற இன்னொரு வலி மருந்து சேர்ந்தால் செரடோனின் அளவுமீறி ஏறலாம். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி, முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் மாத்திரையையும் மருத்துவரிடம் காட்டச் சொல்வது அதனால்தான்.