ரியர் ஸ்டாண்டில் பைக்: சாவியை எடுத்த பிறகே செயினில் கை

டியூக், ஆர்15, டோமினார், அப்பாச்சி ஆர்ஆர் 310 போன்ற பைக்குகளுக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. செயினைத் துடைக்கவோ பின் சக்கரத்தைக் கழற்றவோ, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் ரியர் ஸ்டாண்டுதான் வழி. பட்டறையில் மட்டும் இருந்த இந்தச் சாமான் இப்போது பல வீட்டுப் போர்டிகோக்களிலும் இருக்கிறது. பைக் சாய்ந்து டேங்க் நசுங்குவது இதனால் வரும் சின்ன விபத்து. பெரிய விபத்து, விரல் போவது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பின் சக்கரம் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்ததும் பலருக்கும் ஒரு யோசனை வரும்: என்ஜினை ஸ்டார்ட் செய்து முதல் கியரில் விட்டால் செயின் தானாக ஓடும், துணியைப் பிடித்தால் போதும் என்று. இதைச் செய்யவே கூடாது. ஆக்ஸிலரேட்டரைத் திருகாத ஐடிலிங்கிலேயே, முதல் கியரில் பின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை சுற்றும். பின் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) 45 பல், செயினின் பிட்ச் (ஒரு லிங்க்கின் நீளம்) 15.875 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 71 சென்டிமீட்டர் செயின் ஓடுகிறது. ஏதோ மாட்டிவிட்டது என்று உறைத்துக் கையை இழுக்கத் தொடங்கவே கால் நொடி ஆகும். அதற்குள் 18 சென்டிமீட்டர் செயின் பல்லுக்குள் போயிருக்கும். துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட் செயின் லிங்க்கில் மாட்டினால் சட்டென்று கிழியாது, அதைச் சுற்றியிருக்கும் விரலையும் சேர்த்து இழுக்கும். கையுறையும் அப்படித்தான். மோதிரம் இருந்தால் இன்னும் மோசம்.

நியூட்ரலில் ஓடினால் பரவாயில்லையா என்று கேட்பார்கள். கூடாது. கியர்பாக்ஸ் ஆயிலின் இழுவையிலேயே சக்கரம் மெல்லச் சுற்றும். என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும், அதுவும் பின்னோக்கி. காரணம் இருக்கிறது. முன்னோக்கிச் சுற்றினால் செயினின் கீழ் வரிசை பின் ஸ்பிராக்கெட்டுக்குள் போகும். பின்னோக்கிச் சுற்றினால் அதே வரிசை ஸ்பிராக்கெட்டிலிருந்து வெளியே வரும். பின் ஸ்பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால், கீழ் வரிசையில் பிரஷ்ஷை வைத்தால் செயின் உங்கள் கையைப் பல்லிலிருந்து தள்ளியே கொண்டுபோகும். ஒரு முறைக்கு அரைச் சுற்று சுற்றி, நிறுத்தி, துடைத்து, மறுபடி சுற்றுங்கள். சுற்றும்போது கை செயினில் இருக்க வேண்டாம். சுழலும் சக்கரத்தை நிறுத்தப் பின் பிரேக்கை அழுத்துங்கள். ஸ்போக்கிலோ டிஸ்க்கின் துளைகளிலோ விரல் வைக்காதீர்கள்.

விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது. 108-ஐ அழைத்து, விரல் இணைப்பு அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போகக் கேளுங்கள்.

இனி ஸ்டாண்டுக்கு வருவோம். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மில் திருகிய ஸ்பூலை (சிறு உருளைக் குமிழை) கொக்கி போலத் தாங்குவது ஒரு வகை, ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கத்தை ஸ்டாண்டின் ரப்பர் வைத்த எல் வடிவக் கையால் தாங்குவது இன்னொரு வகை. ஸ்பூலுக்கான துளை இருக்கும் பைக்குக்கு முதல் வகையே நல்லது, நழுவாது. ஸ்பூலின் போல்ட் 6, 8, 10 மில்லிமீட்டர் என்று மாடலுக்கு மாடல் மாறும். 10 மில்லிமீட்டரிலேயே 1.25, 1.5 என இரண்டு பிட்ச் (மரை இடைவெளி) உண்டு. கையால் நாலைந்து சுற்று லேசாகப் போகவில்லை என்றால் அது உங்கள் போல்ட் இல்லை. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அலுமினியத் துளையின் மரை போய்விடும். துளை இல்லாத ஸ்விங் ஆர்மில் நீங்களாகத் துளை போடாதீர்கள். எல் வகையில், செயின் அட்ஜஸ்டர், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் சென்சார் ஒயர் எதுவும் ரப்பருக்கு அடியில் சிக்காமல் பாருங்கள்.

தரை சமமாக இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் வடிய கேட் பக்கம் சரித்துக் கட்டிய போர்டிகோ இதற்கு உதவாது. ஒரு சின்னக் கல் இருந்தாலும் ஸ்டாண்டின் சக்கரம் அடைத்து நிற்கும், கூட்டிவிடுங்கள். முன் பிரேக் லீவரைப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் இறுகக் கட்டுங்கள். பின் சக்கரம் மேலே போனதும் கியர் எதையும் பிடித்து நிறுத்தாது, பைக் உருளாமல் காப்பது முன் பிரேக்தான்.

சைடு ஸ்டாண்டை மடக்காதீர்கள். பின்னால் இடது பக்கம் நின்று, இடது கையால் கிராப் ரெயிலைப் பிடித்து பைக்கை நிமிர்த்துங்கள் (கிராப் ரெயில் இல்லாத பைக்கில் சீட்டுக்கு அடியில் உறுதியான இடம், இன்டிகேட்டரோ மட்கார்டோ அல்ல). வலது கையால் ஸ்டாண்டைப் பொருத்தி, குனிந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்ததா என்று கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்த நிலையில் அமுக்குவதால்தான் பெரும்பாலும் பைக் சாய்கிறது. பிறகு கைப்பிடியை ஒரே சீராகக் கீழே அமுக்குங்கள். காலால் மிதிக்க வேண்டாம். முதல் சில முறை முன்னால் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

பின் ஆக்சில் நட்டைத் தளர்த்துவதும் கடைசியாக டார்க் வைப்பதும் (குறித்த அளவுக்கு இறுக்குவதும்) சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்யும் வேலை. அந்த நட்டின் இறுக்கம் பல பைக்குகளில் 100 நியூட்டன் மீட்டரை நெருங்கும். அத்தனை பலத்தை ஸ்டாண்டில் நிற்கும் பைக்கில் போட்டால் அது கவிழும். இன்னொன்று: இந்த ஸ்டாண்டு தாங்குவது ஸ்விங் ஆர்மை. பைக்கின் பின்பக்க எடை மோனோஷாக் (பின்பக்க ஷாக் அப்சார்பர்) மேல்தான் நிற்கிறது. ரியர் ஸ்டாண்டில் வைத்து மோனோஷாக்கைக் கழற்றினால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். அந்த வேலைக்கு பைக்கின் ஃபிரேமைத் தாங்கும் ஸ்டாண்டு வேண்டும்.

கவர் போட்டு ஸ்டாண்டிலேயே வெளியில் விட்டுவைக்காதீர்கள். ஆடிக் காற்றுக்கு அந்தக் கவர் பாய்மரம். குழந்தைகள் ஏறிவிடும் பயமும் உண்டு.

இறக்கும்போது அவசரம் வேண்டாம். சைடு ஸ்டாண்டு முழுதாக விரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிராப் ரெயிலை உங்கள் பக்கம், அதாவது இடது பக்கம், லேசாக இழுத்துக்கொண்டே ரியர் ஸ்டாண்டின் கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். பைக் வலது பக்கம் சாயத் தொடங்கி, தனியாளாக நின்றால், விட்டுவிட்டு விலகுங்கள். ஆர்15 சுமார் 140 கிலோ, டோமினார் 400 சுமார் 190 கிலோ. அந்தப் பக்கம் சூடான சைலன்சர் வேறு இருக்கும். எடை முழுவதும் சைடு ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு ரியர் ஸ்டாண்டை உருவி எடுத்து, கடைசியாக முன் பிரேக் லீவரின் கட்டை அவிழ்க்க வேண்டும்.