பாம்பன் காற்றும் போனின் சார்ஜ் பின்னும்

பாம்பனில் இருக்கும் என் மச்சான் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போனைப் பாலித்தீன் பையில் முடிந்துதான் படகில் ஏற்றுவார். அப்படியும் வாங்கிய எட்டாவது மாதம் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. போன் ஒருநாள்கூடத் தண்ணீரில் விழுந்ததில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு செல்போன் கடையில் கொடுத்தோம். கடைத்தம்பி பூதக்கண்ணாடியை என் கையில் தந்து, "உள்ள பாருங்கண்ணே, பச்சை பூத்திருக்கு" என்றார்.

சார்ஜ் பின் துளைக்குள் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். அதன்மேல் வரிசையாகத் தங்க நிறக் கம்பிகள். அவற்றில் சில மட்டும் துலக்காத செப்புக்குடம் மாதிரிப் பச்சை பிடித்திருந்தன. ஒன்று பாதி கரைந்தே போயிருந்தது. பக்கத்துக் கம்பிகள் பளபளவென்று புதிதாக இருந்தன. எல்லாமே ஒரே காற்றில்தானே இருக்கின்றன, சிலவற்றை மட்டும் எது தின்றது?

அடுப்படியில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் சுத்தமான சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, ஈரத்தை உறிஞ்சித் தானே கரையும். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைடு என்ற இன்னொரு உப்பும் உண்டு. அதற்குச் சுமார் 33 சதவீதமே போதும். நம் கரையில் காற்று அந்த அளவுக்கு வறள்வது அபூர்வம். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே சுண்டி உப்புத்துகளாகி, வீட்டுக்குள்ளும் வந்து படிகின்றன. சார்ஜ் பின்னுக்குள் போன துகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாக நிற்கிறது. வெயிலில் காயவைத்தாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும், சாயங்காலம் மறுபடி ஈரமாகும்.

அடுத்து மின்சாரம். டைப்-சி பின்னில் 24 தொடுமுனைகள், அடுத்தடுத்த முனைகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர். அவற்றில் நான்கில் 5 வோல்ட் வருகிறது. ஃபாஸ்ட் சார்ஜிங்கில் 9 வோல்டும் அதற்கு மேலும்கூடப் போகும். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்க 1.23 வோல்ட் போதும் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு அதிகம் என்று தெரியும். செம்பு முலாம் பூசும் தொட்டியில் நேர்முனையில் தொங்கும் செம்பு கரைந்துகொண்டே போகும். மச்சானின் போனுக்குள் நடந்ததும் அதுதான். உப்புப்படலம் தொட்டியாக, 5 வோல்ட் கம்பிகள் நேர்முனையாக, அந்தக் கம்பிகள் மட்டும் கரைந்தன. தங்கப்பூச்சுக்கு அடியிலிருந்து வெளியேறிய செம்பு, உப்பிலுள்ள குளோரைடோடு சேர்ந்து பச்சையாகப் படிந்தது.

மேலே தங்கப்பூச்சு இருக்கிறதே என்று கேட்கலாம். அது மிக மெல்லியது, கேபிளைச் சொருகி உருவும்போது கீறல் விழும். தங்கமும் அடியிலுள்ள செம்பும் உப்புநீரில் ஒன்றாக நனைந்தால் தாமாகவே ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். செம்பு இன்னும் வேகமாக அரிபடும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பெயின்ட் அடித்து அடித்தே காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு. சார்ஜ் பின்னுக்கு அப்படிப் பெயின்ட் அடிக்க வழியில்லை, உலோகம் உலோகத்தைத் தொட்டால்தான் மின்சாரம் பாயும்.

சில போன்களில் 'ஈரம் இருக்கிறது' என்று எச்சரிக்கை வருமே, அது சிக்னல் முனைகளுக்கு இடையே மின்சாரம் கசிகிறதா என்று போனே சோதித்துச் சொல்வது. தண்ணீரே படாமல் அந்த எச்சரிக்கை வந்தால் உப்பு படிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தள்ளிவிட்டு சார்ஜ் போடவே கூடாது. ஃபாஸ்ட் சார்ஜிங் திடீரென்று மெதுவானாலும் ஒருமுறை உள்ளே பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீர்க் காப்பைக் குறிக்கும் ஐபி68 என்ற தர எண் போட்டிருக்கிறதே என்று பலர் கடலில் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, கடல்நீருக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட போன் கடல்நீரில் நனைந்தால் அணைத்துவிட்டு, உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். நனைந்த போனை மறுபடி நனைப்பதா என்று மனசு கூசும். ஆனால் உப்பை வெளியேற்ற வீட்டில் வேறு வழி கிடையாது. தண்ணீர்க் காப்பு இல்லாத போன் என்றால் அலச வேண்டாம். அணைத்து, சார்ஜ் போடாமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள், சீக்கிரம் ஆவியாகும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் உள்ளிருக்கும் போர்டைக் கழுவித் தருவார்கள். அரிசி டப்பாவுக்குள் புதைப்பதால் உப்பு போகாது. அரிசித்துகள் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

கேபிளிலும் ஒரு விஷயம் உண்டு. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில், போன் இருப்பது தெரிந்த பிறகுதான் சார்ஜர் மின்சாரம் விடும். ஒரு பக்கம் பழைய அகலமான யூஎஸ்பி என்றால் சுவிட்ச் போட்டிருக்கும்வரை நுனியில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். திண்ணையில் சும்மா தொங்கும் அந்த நுனியே உப்புக்காற்றில் கரையும், பிறகு போனிலும் சரியாகப் பொருந்தாது. புது போன் வாங்குகிறவர்கள் முடிந்தால் வயர்லெஸ் சார்ஜிங் உள்ளதாகப் பாருங்கள். அதில் மின்சாரம் சுருளிலிருந்து சுருளுக்குக் காந்தப்புலம் வழியாகப் போகிறது, உப்பு தின்ன அங்கே கம்பி எதுவும் வெளியே இல்லை.

மச்சானின் போனுக்குச் சார்ஜ் பின்னை மாற்றினோம். திறந்து மூடிய போனில் தண்ணீர்க் காப்பை நம்ப முடியாது என்பதால் அதை அலசுவதில்லை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளியே துடைக்கிறார், கையைக் கழுவி உலர்த்திய பிறகே கேபிளைத் தொடுகிறார். சார்ஜ் ஏறியதும் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, அப்புறம்தான் கேபிளை உருவுகிறார்.