தங்கச்சிமடத்து ஷீட் வீடுகளுக்கு வெள்ளைக் கூரை

வெப்பமானியை நம்பினால் மே மாதத்தில் பாம்பன், மதுரையைவிடக் குளுமையான ஊர். ஆனால் அதே தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டுக்குள் நண்பகலில் உட்கார்ந்து பாருங்கள். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. இப்படி உடம்பு திணறும் நேரத்தில்தான் கூரையும் நம்மேல் சூட்டைக் கொட்டுகிறது.

பழைய சாம்பல் நிற ஷீட், வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லியது என்பதால் சூடு சட்டென்று அடிப்பக்கம் வந்து, அகச்சிவப்புக் கதிராக ஆள்மேல் பாயும். மின்விசிறியால் அதைத் தடுக்க முடியாது. கூரையடியில் தேங்கிய அனலைத்தான் கீழே தள்ளும். இரவெல்லாம் விசைப்படகில் இருந்துவிட்டுக் கரை திரும்பும் மீனவர் பகலில்தான் கண்ணயர முடியும். ஷீட் கொதிப்பதும் அப்போதுதான். கான்கிரீட் தளம் நேர்மாறு: பகலில் சேர்த்த சூட்டை இரவில் விடும்.

பனையோலைக் கூரையில் இந்தத் தொல்லை குறைவு. ஓலை அடுக்குகளுக்குள் சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் தீக்கும் புயலுக்கும் பயந்து ஷீட் போட்டவரைத் திரும்ப ஓலைக்குப் போ என்று சொல்வது நியாயமில்லை.

அதனால் கூரையை வெள்ளையாக்குவதுதான் முதல் வேலை. புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு, விழும் வெயிலில் முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். அகமதாபாத்தில் 2010 மே வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2017 முதல் எளிய மக்களின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்தது. தமிழ்நாடும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது.

சரி, இங்கே எப்போது அடிப்பது? ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்பு கரையும், பாசியும் பிடிக்கும். மழை ஓய்ந்து, தை, மாசியில் அடித்தால் கோடை முழுக்க நிற்கும். அழுக்குப் படிந்தால் பலன் குறையும் என்பதால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒன்றை மறக்கக்கூடாது: உலர்ந்த ஷீட்டைச் சுரண்டினால் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் பறக்கும், நுரையீரலுக்கு அது நஞ்சு. நன்றாக நனைத்து, மெதுவாகத்தான் கழுவ வேண்டும். ஷீட்டில் ஏறி நிற்கவும் கூடாது, உடைந்துவிடும்.

தெருவோரம் பூவரசு நட்டால் உப்புக்காற்றைத் தாங்கி வளரும். ஆனால் நிழல் தரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை இந்தச் சுண்ணாம்புச் செலவை ஊராட்சியும் நகராட்சியும்தான் ஏற்க வேண்டும். அன்றாடக் கூலியில் வாழும் வாடகை வீட்டுக்காரர் தலையில் அதைக் கட்டக் கூடாது.