வெந்நீரில் போட்ட ஊசி: பழைய கிராமத்து ஆஸ்பத்திரிகளில் எங்கே பிசகியது

"அப்பல்லாம் ஒரே ஊசி, மறுநாள் வயலுக்குப் போயிடலாம்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மைதான். நிமோனியாவுக்கும் சீழ் வைத்த புண்ணுக்கும் பெனிசிலின் நன்றாகவே வேலை செய்தது. மீதிப் பாதி, அந்த மருந்தை உள்ளே ஏற்றிய கண்ணாடி சிரிஞ்ச் பற்றியது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த, சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு 1946-ல் அறிக்கை தந்தது. 1952 முதல் வட்டாரத்துக்கு ஒன்றாக ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. வழக்கமாக ஆறு படுக்கை. வட்டாரத்தின் மக்கள்தொகையோ அறுபதாயிரத்துக்கு மேல். டாக்டர், கம்பவுண்டர், நர்சம்மா, ஆயா என்று ஒரு கை விரலில் அடங்கும் ஆட்கள். கிணற்றுத் தண்ணீர், பம்ப் ஸ்டவ், இரவுப் பிரசவத்துக்கு பெட்ரோமாக்ஸ். இதை வைத்துக்கொண்டுதான் ஓ.பி. நடந்தது.

மருந்து, வருடத்துக்கு ஒருமுறை போடும் இண்டென்ட் எனும் தேவைப் பட்டியல்படி வரும். மாத்திரை ஆயிரம் கொண்ட டப்பாவில் உதிரியாக இருக்கும். எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் ஆஸ்பிரின் ஈரம் பட்டுச் சிதையும், புளித்த வாடை அடிக்கும். மிக்ஸ்சர் வாங்க நோயாளியே பாட்டில் கொண்டுவர வேண்டும். பாட்டிலின் பக்கத்தில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டுவார் கம்பவுண்டர். ஒரு பல் ஒரு வேளை. கரையாத பொடி கலந்த மிக்ஸ்சரைக் குலுக்காமல் குடித்தால் முதல் நாள் வெறும் தண்ணீர்தான், கடைசி வேளையில் மொத்த மருந்தும் வயிற்றுக்குள் போகும். 'கலர் தண்ணி' என்ற கேலிக்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவில் வந்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்துக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கவைத்த பிறகுதான் இந்தத் தட்டுப்பாடு பெருமளவு தீர்ந்தது.

இனி ஊசி அறைக்கு வருவோம். கண்ணாடி சிரிஞ்சைச் சுத்தம் செய்வது ஒரு வரிசை. ஒன்று தப்பினாலும் மற்றதெல்லாம் வீண். ஊசி போட்டதும் பச்சைத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிப் பீய்ச்ச வேண்டும். அப்படியே வெந்நீரில் போட்டால் ரத்தம் உறைந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிறகு போகாது. குழலையும் பிஸ்டனையும் கழற்ற வேண்டும். இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஜோடி மாறினால் ஒழுகும் அல்லது இறுகிக்கொள்ளும். காஸ் துணியில் சுற்றி, ஆறின தண்ணீரில் வைத்துப் பிறகு சூடேற்ற வேண்டும். கொதிநீரில் நேராகப் போட்டால் விரிசல் விடும். நீடிலின் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு எடுக்க வேண்டும். தண்ணீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து இருபது நிமிடம். அடுப்பு பற்றவைத்ததிலிருந்து அல்ல. உப்புத் தண்ணீராக இருந்தால் வெள்ளைப் படிவு பிடித்து பிஸ்டன் நகராது.

இந்த இருபது நிமிடத்தில்தான் கோளாறு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலை ஓ.பி.யில் அறுபது பேருக்கு ஊசி, கையில் பன்னிரண்டு சிரிஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சுற்று வேகவைக்க வேண்டும். கழுவி, கொதிக்கவைத்து, ஆறவைத்து, பூட்டி எடுக்க ஒரு சுற்றுக்குக் குறைந்தது அரை மணி நேரம். இரண்டரை மணி நேரம் ஸ்டெரிலைசர் எனும் கொதிதட்டுக்கு மட்டும், அதுவும் மண்ணெண்ணெய் தீராமல் இருந்தால். வெளியே வரிசை நிற்கிறது. ஆக, கொதித்துக்கொண்டிருக்கும் தட்டிலேயே அப்போது பயன்படுத்திய சிரிஞ்சையும் போட்டுவிடுவார்கள். அந்த நொடியில் பழைய நிமிடக் கணக்கு செல்லாது, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். யாரும் எண்ணவில்லை.

இன்னொரு குறுக்கு வழி நீடிலை மட்டும் மாற்றி, அதே சிரிஞ்சால் அடுத்தவருக்குப் போடுவது. "நீடில்தானே உடம்புக்குள் போகுது" என்பது வாதம். நீடிலைக் கழற்றி இழுக்கும்போது, அதிலுள்ள துளி பின்னோக்கி சிரிஞ்சின் முனைக்குள் உறிஞ்சப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த அளவு ரத்தமே, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றுவதற்குப் போதும். உலர்ந்த ரத்தத்தில்கூட அது ஏழு நாள் உயிரோடிருக்கும்.

நீடில் மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டுவார்கள். நுனி கொக்கி மாதிரி வளைந்துவிட்டால் சதையைக் கிழித்துக்கொண்டு போகும். புட்டத்தில் ஊசி கட்டி சீழ் பிடித்ததற்கு மருந்தைவிட இதுவும், அரைகுறைக் கிருமிநீக்கமும்தான் காரணம். கொதிநீர் சாதாரணக் கிருமிகளைக் கொல்லும்; டெட்டனஸ் கிருமியின் வித்துகளைக் கொல்லாது. அதற்கு ஆட்டோகிளேவ் எனும் நீராவி அழுத்தக் கலம் வேண்டும்: 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம், அதுவும் உள்ளிருக்கும் காற்றை முழுதும் வெளியேற்றிய பிறகு. துணி வைக்கும் ட்ரம்மின் பக்கத் துளைகளைத் திறந்து வைக்க மறந்தாலோ, துணியைத் திணித்து அடைத்தாலோ, நீராவி உள்ளே போகாது. வெளியே எடுத்தால் சுட்டுக்கொண்டுதான் இருக்கும், பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றையும் எடுக்கும் நீண்ட இடுக்கி நிற்கும் ஜாடியின் லைசால் எனும் கிருமிநாசினியை நாள்தோறும் மாற்றாவிட்டால் அந்த இடுக்கியே கிருமி பரப்பும்.

காலராவுக்கு ஏற்றிய சலைனில் வேறொரு தொல்லை. ரப்பர் குழாயைக் கழுவி மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள். கிருமி செத்தாலும் அதன் உடைந்த நச்சு குழாயில் தங்கும், கொதிக்கவைத்தாலும் போகாது. பாட்டில் ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நோயாளி கிடுகிடுவென நடுங்குவார். ஊரார் 'குளுக்கோஸ் ஒத்துக்கல' என்பார்கள்.

இதையெல்லாம் செய்தவர்களைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. இதேபோல ரத்தத்தின் வழியே ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-ல். எகிப்தில் 1950-களிலிருந்து 80-களின் தொடக்கம் வரை நத்தைக் காய்ச்சல் எனப்படும் பில்ஹார்ஸியா என்ற புழு நோய்க்கு அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. கண்ணாடி சிரிஞ்ச், அரைகுறைக் கொதிப்பு. உலகிலேயே மிக அதிகமாக ஹெபடைடிஸ் சி பரவிய நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனதற்கு அதுவே முக்கியக் காரணம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் வந்த பிறகும் நாம் தப்பிவிடவில்லை: குஜராத்தின் மொடாசாவில் 2009-ல் பரவிய ஹெபடைடிஸ் பி-க்குக் காரணம் மறுபடி பயன்படுத்திய சிரிஞ்சுகள்தாம். ஒரு காய்ச்சலுக்கு ஊசி கேட்டு அடம்பிடிப்பவர்கள் இதை யோசிக்கலாம். மாத்திரை விழுங்க முடிகிறவருக்குப் பெரும்பாலும் ஊசி தேவையே இல்லை. தேவைப்பட்டால், சிரிஞ்ச் உறையை உங்கள் எதிரில் கிழிக்கச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் நீடில் வெட்டப்படுகிறதா என்று பாருங்கள்.

கண்ணாடி சிரிஞ்ச் காலத்தில் அடிக்கடி ஊசி போட்டுக்கொண்டவர்கள், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், பல் பிடுங்கிக்கொண்டவர்கள் ஒருமுறை ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைடிஸ் பி-க்கு), ஆன்டி ஹெச்.சி.வி. (சி-க்கு) இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்வது நல்லது. இருபது முப்பது வருடம் ஒரு அறிகுறியும் இல்லாமலே ஈரல் சுருங்கியிருக்கலாம். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். ஆன்டி ஹெச்.சி.வி. பாசிட்டிவ் என்று வந்தால் பயப்பட வேண்டாம், தானாகவே குணமானவருக்கும் அப்படித்தான் காட்டும். ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் இருப்பது தெரிந்தால், பெரும்பாலானோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் முற்றிலும் போய்விடும். ஹெபடைடிஸ் பி-யை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை, கட்டுக்குள் வைக்கும் மருந்து உண்டு. வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்து, இல்லாதவர்கள் இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.