மஞ்சள் ஈயின் கருத்த முள்மயிர்கள்

டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்னும் பழ ஈயில், ஆய்வகங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வரும் ‘யெல்லோ-2’ என்றொரு வகை உண்டு. அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், இயல்பான ஈயில் பழுப்பும் கறுப்புமாக இருக்க வேண்டிய உடலும் இறக்கையும் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருக்கும். ஆனால் அதே உடலில் முளைத்த முள்மயிர்கள் சற்றும் வெளுக்காமல் கருகருவென்று நிற்கும். கறுப்பு நிறமி உருவாகத் தேவையான புரதத்தை உடல், இறக்கை, முள்மயிர் மூன்றிலும் தருவது எக்ஸ் குரோமோசோமின் நுனியில் உள்ள யெல்லோ என்ற ஒரே மரபணுதான். அது கெட்டிருந்தால் மூன்றும் வெளுத்திருக்க வேண்டும்; நன்றாக இருந்தால் மூன்றும் கறுத்திருக்க வேண்டும். இரண்டிலும் சேராத இந்த நிலைக்குக் காரணம், புரதத்துக்கான குறிப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், அதற்குச் சற்று முன்னால் வந்து குடியேறிய ஒரு டி.என்.ஏ. துண்டு.

இப்படி இடம்பெயரும் துண்டுகளை 1940களில் மக்காச்சோளத்தில் கண்டறிந்த மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக், அவை அண்டையிலுள்ள மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்துகின்றன என்று அப்போதே வாதிட்டார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழ ஈயின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய துண்டுகளே. அவற்றில் ‘பி’ துண்டு போன்றவை ஓரிடத்திலிருந்து வெட்டப்பட்டு வேறிடத்தில் செருகிக்கொள்பவை. யெல்லோவின் அருகே வந்தமர்ந்த ‘ஜிப்சி’யோ தன்னை ஆர்.என்.ஏ. வடிவில் படியெடுத்து, அந்தப் படியை மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றிப் புதிய இடத்தில் பதிக்கும் இனத்தைச் சேர்ந்தது. சுமார் 7,500 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள அதன் அமைப்பு, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிச் செல்லுக்குள் பதிக்கும் வைரஸான ரெட்ரோவைரஸின் அமைப்பைப் பெரிதும் ஒத்தது.

ஒரு மரபணு எந்த உறுப்பில், எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை அதற்கு வெளியேயும் உள்ளேயும் சிதறிக் கிடக்கும் என்ஹான்சர் என்னும் சிறு டி.என்.ஏ. பகுதிகள் தீர்மானிக்கின்றன. மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுப்பு தொடங்கும் இடமான புரமோட்டரிலிருந்து ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளியிருந்தாலும் அவற்றால் அதை முடுக்கிவிட முடியும். யெல்லோ மரபணுவைப் பொறுத்தவரை, இறக்கைக்கும் உடலுக்குமான என்ஹான்சர்கள் புரமோட்டருக்கு முன்புறத்தில் இருக்கின்றன. முள்மயிருக்கான என்ஹான்சர் மறுபுறத்தில், மரபணுவின் உள்ளேயே, புரதத்துக்கான குறிப்பில் சேராத இன்ட்ரான் என்னும் இடைப்பகுதிக்குள் இருக்கிறது. யெல்லோ-2 ஈயில் ஜிப்சி அமர்ந்த இடம் படியெடுப்பு தொடங்கும் புள்ளிக்குச் சுமார் 700 எழுத்து முன்னால். அதாவது முன்புற என்ஹான்சர்களுக்கும் புரமோட்டருக்கும் இடையில். வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் அதற்குக் கீழேயுள்ள வயலுக்கு மேலிருந்து வரும் நீர்தான் நிற்குமே தவிர, மறுபக்கக் கிணற்றிலிருந்து பாயும் நீர் நிற்காது. முள்மயிர்கள் கறுப்பாகவே இருப்பதற்கு அதுவே காரணம்.

இடையில் நீளமான ஒரு துண்டு புகுந்ததால் தொலைவு கூடிப்போனதுதான் சிக்கல் என்று எண்ணத் தோன்றும். அது அப்படியல்ல. ஜிப்சியின் முழு நீளத்தில் சுமார் 350 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதி மட்டுமே தடைக்குப் பொறுப்பு என்பதை பமீலா கெயர், விக்டர் கோர்செஸ் ஆகியோரின் ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் காட்டின. அந்தப் பகுதியில் ‘எஸ்யு-எச்டபிள்யு’ என்ற புரதம் பற்றிக்கொள்வதற்கான 12 இடங்கள் வரிசையாக உள்ளன. அந்தச் சிறு பகுதியை மட்டும் எடுத்து வேறொரு என்ஹான்சருக்கும் புரமோட்டருக்கும் இடையில் வைத்தாலும் தடை விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் இல்லாமல் ஒருபக்கமாக வைத்தால் விழுவதில்லை. இதைவிட அழுத்தமான சான்று ஒன்று உண்டு. எஸ்யு-எச்டபிள்யு புரதத்தை உருவாக்கும் மரபணு பழுதான ஈக்களில், ஜிப்சி யெல்லோவின் அருகே அசையாமல் இருந்தும், உடலும் இறக்கையும் மீண்டும் கறுத்துவிடுகின்றன. தடையை எழுப்புவது செருகப்பட்ட டி.என்.ஏ. அல்ல, அதன்மேல் வந்தமரும் புரதம் என்பது இதனால் உறுதியாயிற்று. என்ஹான்சரை இப்படித் தடுக்கும், இன்சுலேட்டர் என்று இன்று அறியப்படும் டி.என்.ஏ. பகுதிகளில் மிகவும் துருவி ஆராயப்பட்டவற்றுள் ஜிப்சியின் இந்தச் சிறு பகுதியும் ஒன்று.

தடுக்கப்பட்ட என்ஹான்சர் செத்துப்போவதில்லை. ஜிப்சிக்கு அப்பால் தன் பக்கத்தில் வேறொரு மரபணு இருந்தால் அதை வழக்கம்போல் முடுக்கிவிடும். இதைக் காட்டிலும் வியப்பானது, ஒன்றுக்குப் பதிலாக அடுத்தடுத்து இரண்டு இன்சுலேட்டர்களை வைத்தபோது தடை இரட்டிப்பாகாமல் நீங்கிவிட்டது என்ற கண்டுபிடிப்பு. இரண்டும் புரதங்கள் வழியாக ஒன்றோடொன்று பிணைந்து, இடைப்பட்ட டி.என்.ஏ.வை வளையமாக மடித்து, என்ஹான்சரைப் புரமோட்டருக்கு அருகில் கொண்டுவருகின்றன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். என் பார்வையில், மரபணு ஒழுங்காற்றலை நேர்கோட்டு எழுத்து வரிசையாக மட்டும் பார்ப்பது போதாது என்பதை இந்த ஒரு சோதனையைப் போலத் தெளிவாகச் சொல்வது வேறில்லை.

எஸ்யு-எச்டபிள்யு ஜிப்சிக்காக உருவான புரதமும் அல்ல. ஜிப்சி இல்லாத எத்தனையோ இடங்களில் அது குரோமோசோமைப் பற்றியிருக்கிறது. அது இல்லாத பெண் ஈக்கள் மலடாகின்றன. ஈ தன் தேவைக்கு வைத்திருந்த கருவியை வந்தேறி தனக்குப் பயன்படுத்திக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஈயும் கைகட்டி இருப்பதில்லை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ‘ஃபிளமென்கோ’ என்ற பகுதி, பழைய செருகல்களின் சிதைந்த எச்சங்கள் குவிந்து கிடக்கும் இடம். முட்டையைச் சூழ்ந்த செல்களில் அதிலிருந்து பை-ஆர்.என்.ஏ. என்னும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் உருவாகி, பிவி என்ற புரதத்துக்கு வழிகாட்டி, ஜிப்சியை அடக்கி வைக்கின்றன. ஃபிளமென்கோ பழுதான தாய் ஈயில் ஜிப்சி விழித்துக்கொண்டு, அடுத்த தலைமுறையின் குரோமோசோம்களில் புதிய இடங்களைப் பிடிக்கிறது.

எல்லாச் செருகல்களும் தடையாகவே முடிவதில்லை. ‘அக்கார்ட்’ என்ற துண்டின் ஒரு பகுதி சிப்6ஜி1 என்ற மரபணுவின் முன்னால் அமர்ந்ததால், நச்சை முறிக்கும் நொதியைத் தரும் அந்த மரபணு ஈயின் குடலிலும் கழிவு நீக்கும் குழாய்களிலும் பன்மடங்கு வேலை செய்து, டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைத் தாங்கும் வலிமையைத் தந்தது என்று 2002இல் தெரியவந்தது. பூச்சிக்கொல்லியின் அழுத்தத்தில் அந்த வகை உலகெங்கும் பரவியது. கதை அதோடு நிற்கவில்லை: அந்த மரபணு இரட்டிப்பானது, சில ஈக்களில் அக்கார்டுக்குள்ளேயே இன்னொரு துண்டு வந்து செருகிக்கொண்டது, வேறு சிலவற்றில், இருபதாம் நூற்றாண்டில்தான் வேறொரு ஈயினத்திலிருந்து இந்த இனத்துக்குள் நுழைந்த ‘பி’ துண்டும் அதே இடத்தில் வந்து சேர்ந்து, எதிர்ப்பாற்றலை மேலும் ஒரு படி உயர்த்தியது.