மானா: தீர்ந்துபோகும் சரக்கா, பலிக்கும் தன்மையா?

2022 அக்டோபரில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘லெஜண்ட் ஆஃப் மானா: தி டியர்டிராப் கிரிஸ்டல்’ 12 பகுதிகள் கொண்ட அனிமே (அசைவூட்டத்) தொடர். 1999இல் ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட விளையாட்டிலிருந்து உருவானது. மானா மரம் எரிந்து சாம்பலான பிறகு, அதன் ஆற்றல் கற்களிலும் இசைக்கருவிகளிலும் பழம்பொருள்களிலும் மட்டுமே எஞ்சியிருக்கும் உலகம் அது. நெஞ்சில் பதிந்த மணிக்கல்லே உயிராக வாழும் ஜுமி இனத்தாரும், அந்தக் கல்லைப் பறிக்க அலையும் திருடி சாண்ட்ராவும்தான் கதையின் மையம். இதில் மந்திர ஆற்றலைக் குறிக்கும் ‘மானா’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? தமிழாக்கத்தில் அதை எப்படிச் சொல்வது?

முதலில், அது எதிலிருந்து வரவில்லை என்று பார்த்துவிடலாம். ‘மனம்’ இதன் மூலமல்ல. விவிலியத்தில் இஸ்ரவேலருக்கு வானிலிருந்து கிடைத்த ‘மன்னா’வும் அல்ல, அது எபிரேயச் சொல். ஜப்பானிய எழுத்தில் மானாவும் மன்னாவும் ‘மனா’ என்று ஒன்றுபோல வருவதால் இந்தக் குழப்பம் அங்கேயும் உண்டு. ‘மானம்’ என்பதோடு ஒலியும் பொருளும் கொஞ்சம் ஒத்துப்போவது தற்செயல்தான்.

உண்மையில் இது பசிபிக் தீவுகளின் சொல். மாவோரி, ஹவாய், சமோவா மொழிகளிலும் மெலனேசியத் தீவுகள் பலவற்றிலும் ‘மன’ என இரு குறில்களாக ஒலிக்கிறது. மாவோரியில் செல்வாக்கு, மதிப்பு, ஆட்சியுரிமை எல்லாமே மன. நியூசிலாந்தின் மாவோரித் தலைவர்கள் 1835இல் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தில் நிலத்தின் மீதான அதிகாரத்தைக் குறிக்க இந்தச் சொல்தான் வருகிறது.

ஐரோப்பியப் படிப்பாளிகளிடையே இதைப் பரப்பியவர் மெலனேசியாவில் பணியாற்றிய பாதிரியார் ராபர்ட் காட்ரிங்டன். 1891இல் வந்த அவருடைய நூலில் ஒரு விளக்கம் உண்டு. விநோத வடிவக் கல் ஒன்று ஒருவன் கண்ணில் படுகிறது. அதைத் தோட்டத்தில் புதைக்கிறான். விளைச்சல் அமோகமாக வந்தால் கல்லில் மன இருக்கிறது என்று அர்த்தம். அனிமேயின் மானாக் கற்கள் இந்தக் கல்லுக்கு ஒன்றுவிட்ட பேரன்கள் என்றே சொல்லலாம்.

ஆனால் காட்ரிங்டன் வழியில் வந்தவர்கள் மனவை ஏதோ கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் போல, பொருளில் தேங்கிக் கிடக்கும் ஒன்றாக எழுதிவிட்டார்கள். 1984இல் மானிடவியலாளர் ரோஜர் கீசிங் இதை மறுத்தார். அந்த மொழிகள் பெரும்பாலானவற்றில் மன என்பது ஒரு நிலையைச் சொல்லும் வினை: பயன் தருதல், மெய்யாதல். இதை ஆங்கிலத்தில் விளக்க அவருக்குப் பல பக்கங்கள் தேவைப்பட்டன. தமிழனுக்கு ஒரு சொல் போதும்: பலித்தல். மந்திரம் பலித்தது, வாக்குப் பலித்தது என்கிறோமே, அதுதான். ‘கைராசிக்கார டாக்டர்’ என்பதிலுள்ள கைராசியும் கிட்டத்தட்ட இதே.

அந்தப் பழைய சொல்லில் ‘தீர்ந்துபோகும் சரக்கு’ என்ற எண்ணத்தை ஏற்றியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவர். 1969இல் லாரி நிவன் எழுதிய சிறுகதையில் மானா என்பது நிலத்தடி நீர் போல, எடுக்க எடுக்க வற்றும் வளம். விளையாட்டுகளுக்கு இது அப்படியே பொருந்திப்போனது. 1993இல் வந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தில் நிலச்சீட்டுகளிலிருந்து மானா எடுக்கலாம், ‘டயாப்ளோ’ கணினி விளையாட்டில் அது குறையக் குறைய நீல உருண்டை காலியாகும். ஜப்பானிலோ 1991இல் கேம்பாய் கருவிக்கு வந்த முதல் ‘செய்கென் தென்செட்சு’ (மானா விளையாட்டு வரிசையின் ஜப்பானியப் பெயர்) விளையாட்டிலேயே மானா மரம் இருந்தது. அங்கே மானா உலகத்தையே தாங்கும் உயிர்.

ஆக, ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைத்தால் சரிவராது. விளையாட்டுத் திரையின் ஓரத்தில் குறைந்துகொண்டே வரும் அளவைக் குறிக்க ‘மந்திர ஆற்றல்’ பொருந்தும். இடம் போதாவிட்டால் ‘ஆற்றல்’ மட்டும் போதும். ‘சக்தி’ என்று போடாதீர்கள். உடல்வலுவையும் சக்தி என்றே எழுதுவதால், எது குறைந்தது என்று ஆடுபவருக்குத் தெரியாமல் போகும். பசிபிக் பண்பாட்டைப் பேசும் கட்டுரையில் ‘மன’ என்றே எழுதி, ‘பலிக்கும் தன்மை’ என்று ஒருமுறை விளக்கிவிடலாம்.

இந்த அனிமேக்கு வேண்டியது வேறு. பொருளில் உறையும், அஞ்சத்தக்க ஆற்றல் என்ற கருத்துக்குச் சங்கத்தமிழில் ஒரு சொல் உண்டு: அணங்கு. மலையிலும் சுனையிலும் அது உறைவதாகப் பாடியிருக்கிறார்கள். பொருளளவில் இதைவிட நெருக்கமாக வேறு சொல் அமையாது. ஆனால் இன்றைய வாசகருக்கு அணங்கு என்றால் அழகிய பெண். ‘உலகில் அணங்கு குறைந்துவிட்டது’ என்று திரையின் கீழே வசனவரி ஓடினால் பார்ப்பவர் சிரிப்பார். ஆகவே மானாவைப் பெயராகவே வைத்துக்கொண்டு, முதல் தடவை வரும்போது ‘மானா எனும் உயிராற்றல்’ என்று கதைமாந்தர் வாயில் சொல்லவைப்பதே சரி.

எழுத்துக்கூட்டல்? ‘மன’ என்று எழுதினால் ‘மன மரம்’ மன உளைச்சல் போலத் தொனிக்கும். ஒலிக்கு நெருக்கம் ‘மனா’. ஆனால் ஆடுகிறவர்கள் வாயில் ஏற்கெனவே ‘மானா’தான் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். இடைவெளியில் மட்டும் கவனம் வேண்டும். ‘தேவி மானா வாரி வழங்கினாள்’ என்ற வரியைச் சேர்த்து எழுதிவிட்டால், அவள் வானம் பார்த்த பூமியைத் தானம் கொடுத்ததாக ஆகிவிடும்.