மதர்போர்டு ஃபேன் மாற்றும்போது ஒயர் நிறத்தை நம்பாதீர்கள்

மதர்போர்டின் சிப்செட் (பிராசசருக்கும் மற்ற பாகங்களுக்கும் நடுவே தகவல் கடத்தும் சிப்) மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன ஃபேன் நின்றுபோனால் கம்ப்யூட்டர் உடனே நிற்காது. ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி போன்றவை பெரும்பாலும் சிப்செட் வழியாகவே ஓடுவதால் கோளாறு அங்கேதான் முதலில் தலைகாட்டும்: பெரிய ஃபைலை காப்பி செய்யும்போது டிஸ்க் காணாமல் போகும், யுஎஸ்பி விட்டுவிட்டு வேலை செய்யும். பலர் விண்டோஸை மறுபடி போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான்.

ஃபேன் சுற்றவில்லை என்பதாலேயே அது போய்விட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. 2019-இல் வந்த எக்ஸ்570 சிப்செட் போர்டுகள் பலவற்றில் சூடு ஏறும்வரை ஃபேன் சும்மாவே இருக்கும்; அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ்) போய் சிப்செட் ஃபேனை முழு வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால், அல்லது ஆன் செய்ததும் கரகரவென்று இரைந்து சற்று நேரத்தில் அடங்குகிறது என்றால், பெரும்பாலும் பேரிங் தேய்ந்திருக்கும். ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சில நாள் ஓடும், அவ்வளவுதான். துரு நீக்கும் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். அது இருக்கிற மசகையும் கரைத்துவிடும்.

புது ஃபேன் வாங்குமுன் பழையதைக் கழற்றி அளந்துவிடுங்கள். சுற்றிலும் சதுரச் சட்டம் (ஃப்ரேம்) உள்ள 40 மி.மீ. ஃபேன் என்றால் ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே 32 மி.மீ. இருக்கும், சட்டமில்லாத ஃபேனில் மூன்று துளைகள் முக்கோணமாக இருக்கலாம், அந்த மூன்று தூரத்தையும் குறிக்க வேண்டும். தடிமனும் முக்கியம். கிராபிக்ஸ் கார்டு நேர் மேலே வருகிற போர்டில் 10 மி.மீ.க்குப் பதில் 20 மி.மீ. ஃபேன் போட்டால் கார்டு ஸ்லாட்டில் இறங்காது. லேபிளில் வோல்டேஜைப் பாருங்கள்: ஒரே உருவத்தில் 5 வோல்ட்டும் உண்டு, 12 வோல்ட்டும் உண்டு. 5 வோல்ட் ஃபேனை 12-இல் கொடுத்தால் எரிந்துவிடும்.

கனெக்டர்தான் பெரிய தொல்லை. வழக்கமான ஃபேன் ஹெடரில் (போர்டில் ஃபேன் ஒயரைச் செருகும் இடம்) ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே 2.54 மி.மீ. இருக்கும். சிப்செட் ஃபேனில் பெரும்பாலும் அதைவிடப் பொடியான கனெக்டர். புதியது அதில் நுழையாது. உடனே பழைய ஒயரை வெட்டி, நிறத்துக்கு நிறம் முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். இங்கேதான் மாட்டிக்கொள்வது. வழக்கமான 3 பின் ஃபேனில் கறுப்பு கிரவுண்டு, சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத்தைச் சொல்லும் சிக்னல். 4 பின்னில் மஞ்சளே 12 வோல்ட். சிக்னல் பச்சை, வேகக் கட்டுப்பாடு நீலம். மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்தால் 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் சிக்னல் பின் நிற்கும். நான்கு ஒயரும் கறுப்பாகவே வரும் ஃபேன்களும் இருக்கின்றன. பொடிக் கனெக்டரில் பின் வரிசையும் மாறலாம். எனவே மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கேபினெட் தகட்டில் வைத்து, ஹெடரின் எந்தப் பின்னில் வோல்டேஜ் வருகிறது என்று பார்த்த பிறகே ஒட்டுங்கள். முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட். கை நடுங்குமென்றால் வேண்டாம். இணைப்பை சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கும் குழாய்) போடுவதே சரி. ஒட்டுவேலையே வேண்டாம் என்றால், போர்டில் காலியாக இருக்கும் கேபினெட் ஃபேன் ஹெடரில் 12 வோல்ட் ஃபேனைச் செருகிவிடலாம். 3 பின் ஃபேன் 4 பின் ஹெடரிலும் நுழையும்; ஆனால் பயாஸில் அந்த ஹெடரை டிசி முறைக்கு (வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுவது) மாற்றாவிட்டால் எப்போதும் முழு வேகத்தில் கத்தும்.

கழற்றும் வேலை எளிது. பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டை எடுக்கும்போது ஸ்லாட் முனையிலுள்ள கொக்கியை விடுவிக்காமல் இழுத்தால் கொக்கி உடையும். பல போர்டுகளில் மேல் மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்தாலே ஃபேன் தனியாக வந்துவிடும். அப்படி வந்தால் ஹீட்சிங்கை (சிப் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி) தொடவே வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் நேராகத் தூக்காமல் இடவலமாக லேசாகத் திருகி இளக்குங்கள். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் புதியது வைக்கலாம். பேஸ்ட் அல்ல, தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) இருந்தது என்றால் அதே தடிமனில் பேட் போடுங்கள். அந்த இடைவெளியை பேஸ்ட் நிரப்பாது. ஹீட்சிங்க் இடுக்கில் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் புது பேரிங்கும் கெடும்.

மாட்டியபின் ஃபேன் சுற்றியும் பயாஸ் 0 என்று காட்டினால், அது இரண்டு ஒயர் ஃபேனாக இருக்கலாம்; சிக்னல் ஒயர் இல்லாததால் வேகம் தெரியாது. அந்த ஹெடருக்கான எச்சரிக்கையை மட்டும் அணைத்துவிடுங்கள். பிராசசர் ஃபேன் ஹெடருக்கு இந்த வேலையைச் செய்யாதீர்கள். கிராபிக்ஸ் கார்டைத் திரும்பப் பொருத்தி, பக்க மூடியையும் போட்டு, அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்துவிட்டு சிப்செட் சூட்டைப் பாருங்கள். 60 சொச்சம் டிகிரி என்றால் கவலையில்லை. மூடியைத் திறந்து வைத்துப் பார்த்த அளவு கணக்கில் சேராது.